நட்சத்திரத்துக்குப் பெயர் சூட்டும் பரிசு

பிறந்தநாள், திருமணம், இறந்தவர் நினைவு என்று ஏதேனும் ஒன்றை முன்னிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு நட்சத்திரத்துக்குக் கேட்ட பெயரை எழுதித்தரும் வணிகச் சேவை. 1970களின் இறுதியிலிருந்து பரவியது. வாங்குபவருக்குச் சான்றிதழும், அந்த நட்சத்திரத்தை வட்டமிட்டுக் காட்டும் வான்வரைபடமும் கிடைக்கும். பெரும்பாலும் அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கலான நட்சத்திரம். பெயரோ விற்பவரின் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். அதே நட்சத்திரத்தை இன்னொரு நிறுவனம் வேறு பெயரில் விற்கலாம். துக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது அநியாயம்.

வானியலாளர்கள் ஏற்பது 1919இல் அமைந்த சர்வதேச வானியல் ஒன்றியம் அங்கீகரிக்கும் பெயர்களை மட்டுமே. அது பெயர்களை விற்பதில்லை. 2019இல் அது நாடுதோறும் நடத்திய பெயர்சூட்டலில் எச்டி 86081 என்ற நட்சத்திரம் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக அது ‘பிபா’ ஆனது; அதைச் சுற்றும் கோள் ‘சந்தமசா’.