கதவைத் திறந்த பாத்திமா பீவி



"பொம்பளப் புள்ளைக்கு சட்டப் படிப்பு எதுக்கு?" செங்கலடி, ஏறாவூர்ப் பக்கத்தில் உயர்தரம் படிக்கும் மாணவிகளின் வீடுகளில் ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்கும் கேள்வி இது. இதற்கு 1940களிலேயே கேரளத்து வாப்பா ஒருவர் பதில் சொல்லிவிட்டார்.

பத்தனம்திட்டாவில் 1927 ஏப்ரல் 30இல் பிறந்தவர் எம். பாத்திமா பீவி. விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், இரசாயனவியலில் மேற்படிப்புப் படிக்கவே விரும்பினார். வாப்பா மீரா சாஹிபோ மகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார். அன்னா சாண்டி என்ற கிறிஸ்தவப் பெண் 1937இலேயே திருவிதாங்கூரில் நீதிபதியாகியிருந்தார். அதைக் கண்ட வாப்பாவுக்குத் தன் மகளாலும் முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

1950இல் சட்டத்தரணி, 1958இல் முன்சீப், 1974இல் மாவட்ட நீதிபதி, 1983இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்று படிப்படியாக ஏறினார். 1989 ஒக்டோபர் 6இல் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அந்த நீதிமன்றம் தொடங்கி 39 வருடமாக அங்கே ஒரு பெண்ணும் அமர்ந்ததில்லை. மூடிக்கிடந்த கதவைத் திறந்துவிட்டேன் என்ற கருத்தில் அவர் பேசியது பலருக்கும் நினைவிருக்கும். மேல்மட்ட நீதிமன்றங்களில் பெண்கள் போதாது, ஒதுக்கீடு பற்றியும் யோசிக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

1991இல் அவர் எழுதிய ஒரு தீர்ப்பை நாம் அறிய வேண்டும். கர்நாடகத்தில் ஏழைகள் குடியிருந்த இடத்தைச் சேரிப் பகுதியென அறிவித்த அரசாங்கம், பிறகு அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டது. குடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிடைத்த நன்மையைப் பறிக்கும் முன் பாதிக்கப்படுவோரின் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

அவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்ல. தமிழ்நாட்டு ஆளுநராக இருந்தபோது ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை 1999இல் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனை பெறவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 2001இல் ஜெயலலிதாவை முதலமைச்சராக்கியதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. நீதிபதியாக இருந்தவரையும் சட்டம் கேள்வி கேட்டது. சட்டத்தின் முன் சமம் என்பது அதுதான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாக முஸ்லிம் ஆண் ஒருவரையே நியமிக்கச் சொல்கிறது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்றவும் முடியாது. தலாக், பஸஹ், பிள்ளைச் செலவு என்று வரும் எங்கள் பெண், உம்மாவிடம்கூடச் சொல்லக் கூசும் விடயங்களை ஓர் ஆணின் முன் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல முடியாமல் திரும்பிப் போகும் பெண்ணின் பேச்சை யார் கேட்டதாகக் கொள்வது?

மார்க்கம் தடுக்கிறதே என்பார்கள். இதில் இமாம்களிடையே ஒரே கருத்து இல்லை. குற்றவியல் தண்டனைகள் தவிர்ந்த விடயங்களில் பெண் தீர்ப்பளிக்கலாம் என்றார் இமாம் அபூ ஹனீபா. எல்லா விடயத்திலும் முடியும் என்றார் இமாம் தபரி. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபையே பின்பற்றும் மலேசியாவில் 2010இல் இரண்டு பெண்கள் ஷரீஆ நீதிபதிகளாக நியமிக்கப்பட்டார்கள்.

இச்சட்டத்தைத் திருத்த 2009இல் அமைத்த, நீதியரசர் சலீம் மர்சூபின் தலைமையிலான குழு 2018இல் அறிக்கையைக் கையளித்தபோது கருத்து இரண்டாகப் பிரிந்திருந்தது. கருத்து வேறுபாடு இருக்கட்டும், அது ரஹ்மத். ஆனால் பள்ளிவாசலிலும் சங்கங்களிலும் இதைப் பேசும்போது, காதி நீதிமன்றப் படியேறிய பெண்களையும் அழைத்து அவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். கேட்காமல் முடிவெடுப்பது நீதியல்ல.

பாத்திமா பீவி 2023 நவம்பர் 23இல் தன் 96ஆவது வயதில் கொல்லத்தில் காலமானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக.