பாலாறும் பதனிட்ட தோலும் – ஒரு வரலாற்று நோக்கு

மாவனல்லை வழியே ஓடும் மகா ஓயாவைக் கண்டு வளர்ந்த எமக்கு ஆறு என்பது குடிக்கவும் குளிக்கவும் உரிய நீராகும். மலையகத் தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோருள் ஒரு சாரார் வட ஆர்க்காட்டுக் கிராமங்களைச் சேர்ந்தோர். அவர்கள் விட்டுவந்த மண்ணின் ஆறாகிய பாலாறு எய்திய கதி யாது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடுதல் நெடுங்காலமாக நிலவிய தொழிலாகும். ஆதியில் ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்காகத் தோலை ஊறவைத்தனர். 1970களில் இந்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முற்றாகப் பதனிட்ட தோலுக்கும் தோற்பொருள்களுக்கும் ஊக்கமளித்தது. விரைவிற் பதனிடும் குரோமிய முறை பரவிற்று. அந்நியச் செலாவணி பெருகிற்று. ஆயிரக்கணக்கானோர்க்கு வேலையுங் கிடைத்தது.

எனினும், தோலிற் பற்றாத குரோமியமும், தோல் அழுகாதிருக்க இட்ட உப்பும் கழிவுநீரோடு ஆற்றிலும் நிலத்திலும் சேர்ந்தன. கிணறுகள் உவர்த்தன. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லீற்றர் நீர் செலவாவதும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் முற்றாகவோ பகுதியாகவோ பாழானதும் நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டன.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு நேருமுன் காத்தல் வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் நாட்டுச் சட்டத்தின் கூறுகளென அது கூறிற்று. தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபா தண்டம் இறுக்கவும், கழிவு சுத்திகரிப்பு வசதி செய்யவும் பணித்தது. எனினும், இழப்பீடு முற்றாக மக்களைச் சென்றடையாமையால், 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட வேண்டியதாயிற்று.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோன்றியமை நற்பேறே. ஆயின் அவற்றின் வழமையான முறைகள் அழுக்கைக் குறைப்பினும் கரைந்த உப்பை நீக்கா. உப்பைப் பிரித்தெடுக்கும் முறை வந்தபோது, நீர் மீண்டும் பயன்பட்டது. உப்போ குவியலாக எஞ்சிற்று. 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையிற் கழிவுச் சேற்றுத் தொட்டியொன்று இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். ஆற்றைக் காக்க எழுந்த அமைப்பே ஏழைகளின் உயிரைக் குடித்தமை எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துவதாகும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கழிவு பிறந்தபின் அதனைத் துரத்துவதினும், பிறவாதபடி தடுப்பதே சாலச் சிறந்ததாகும். பதனிடுமுன் தோலிலுள்ள உப்பை உதறி அகற்றல், எஞ்சிய குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தல், சுண்ணத்தின் அளவைக் குறைத்து நொதியங்களைக் கையாளல் என்பன அறியப்பட்ட வழிகளே. 1948இல் நிறுவப்பெற்ற சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் உழைத்து வந்துள்ளது. தொழிலை மூடுதல் தீர்வன்று. அது தொழிலாளியின் அடுப்பை அணைத்துவிடும். ஆற்றை இழந்து தொழிலை வளர்த்தலும் தீர்வன்று. அது உழவனின் அடுப்பை அணைத்துவிடும். பாலாற்றங்கரையிற் சட்டம் ஆறு கெட்ட பின்னரே வந்தது. மகா ஓயாக் கரையில் வாழும் நாம் அதற்கு முன்னரே விழித்துக்கொள்ளல் வேண்டும்.