கைப்பொருளுக்கேற்ற வரைகலை அட்டை

கணினியில் விளையாட்டுக்களை ஆடும் இளைஞர் ஒருவரை அணுகி, உமது கணினியில் முதலில் எவ்வுறுப்பை மாற்ற விரும்புகின்றீர் என்று வினவினால், பெரும்பாலும் வரைகலை அட்டையை என்ற விடையே கிடைக்கும். கடைகளிலே கிராபிக்ஸ் கார்ட் என்று வழங்கும் இப்பொருள், திரையில் தோன்றும் காட்சியைக் கணந்தோறும் புதிதாகத் தீட்டித் தருவது. கணினியின் ஏனைய உறுப்புக்கள் நல்ல நிலையில் இருக்கவும் இஃது ஒன்று மட்டும் விரைவில் முதுமையடைந்துவிடுகின்றது. புதிய விளையாட்டுக்கள் ஆண்டுதோறும் இதனிடம் கூடுதலான வேலையை எதிர்பார்ப்பதே அதற்குக் காரணம். விலையுயர்ந்த அட்டைகளின் வரலாற்றை அவற்றைச் செய்த கம்பனிகளே விரிவாகக் கூறியுள்ளன. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு கடைக்குச் சென்றவர்களின் வரலாறு வேறு. அதனையே ஈண்டுக் கூற விரும்புகின்றேன்.

1993ஆம் ஆண்டு டிசெம்பரில் டூம் என்னும் விளையாட்டு வெளிவந்த பொழுது வரைகலை அட்டைக்கு இத்தகைய மதிப்பு இல்லை. காட்சிகளைக் கணித்தது கணினியின் மையச் செயலியே. அட்டை அதனைத் திரைக்கு எடுத்துச் சென்ற தூதுவன் மாத்திரமே. அதே ஐடி சொப்ற்வெயார் கம்பனி 1996 ஜூனில் குவேக் என்பதை வெளியிட்டது. முப்பரிமாண வடிவங்களால் அமைந்த அவ்விளையாட்டு தசமக் கணிப்பில் வல்ல பென்ரியம் செயலியை எதிர்பார்த்தது. 486 வகைச் செயலிகளை வைத்திருந்தோர் அதனை ஆட முயன்று சலிப்படைந்தனர். முழுக் கணினியையும் மாற்றுவதோ அவர்களுள் பலருக்கு இயலாத காரியம்.

இந்நிலையில் தோன்றியதே வூடூ அட்டை. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய றொஸ் சிமித், கரி தரொல்லி, ஸ்கொட் செலர்ஸ் ஆகியோர் 1994இல் கலிபோர்னியாவில் 3டிஎப்எக்ஸ் என்னும் கம்பனியைத் தொடங்கினர். அவர்களுடைய சில்லு முதலில் காசு போட்டு ஆடும் பொது விளையாட்டு இயந்திரங்களிலேதான் இடம் பெற்றது. நினைவகச் சில்லுகள் அந்நாளில் மிக்க விலை உடையனவாக இருந்தமையால், வீட்டுக் கணினிக்கு அது எட்டாப் பொருளாக இருந்தது. ஆனால் விண்டோஸ் 95 வெளிவந்ததும் நினைவகத்துக்குப் பெருந்தேவை எழும் என்று எண்ணிய உற்பத்தியாளர்கள் அளவுக்கு மீறிச் சில்லுகளைச் செய்து குவித்தனர். 1996இல் அவற்றின் விலை சரிந்தது. அச்சரிவே வூடூவை வீட்டுக்குள் கொணர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஓர்க்கிட் கம்பனி வெளியிட்ட அட்டையின் விலை ஏறத்தாழ 300 டொலர். ஒரு துறையின் தவறான கணிப்பு இன்னொரு துறையின் வாடிக்கையாளருக்கு வாய்ப்பாக அமைந்த இச்செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்; இது மீண்டும் வரும்.

வூடூ அட்டையில் நான்கு மெகாபைற் நினைவகமே இருந்தது. இரண்டு மெகாபைற் படத்துக்கு, இரண்டு மெகாபைற் மேற்பரப்புக் கோலங்களுக்கு. அது சாதாரண எழுத்தையும் படத்தையும் திரையிற் காட்டாது. ஆகவே பழைய அட்டையைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. பழையதிலிருந்து ஒரு கம்பியைப் புதியதற்கும், புதியதிலிருந்து மற்றொன்றைத் திரைக்கும் இணைத்தால் போதும். விளையாட்டுத் தொடங்கும்பொழுது ஓர்க்கிட் அட்டையின் உள்ளேயிருந்த சிறு ஆளி 'டக்' என்று ஒலி எழுப்பிப் பாதையை மாற்றும். அவ்வொலியைக் கேட்டவர்கள் இன்றும் அதனை அன்போடு நினைவுகூர்கின்றனர். பழையதை வீசாது புதியதைச் சேர்க்கும் இம்முறை சிக்கனத்துக்கு உகந்தது என்பது என் கருத்து. பின்வந்த அட்டைகள் எல்லா வேலையையும் தாமே ஏற்றுக்கொண்டதால் அது மறைந்தது.

1998இல் வந்த வூடூ 2 இக்கொள்கையை மேலும் ஒரு படி உயர்த்தியது. இரண்டு அட்டைகளைப் பூட்டினால், ஒன்று ஒற்றை வரிகளையும் மற்றொன்று இரட்டை வரிகளையும் தீட்டும். இன்று ஒன்றை வாங்கி, விலை குறைந்த பின்னர் இரண்டாவதை வாங்கலாம் என்று பலர் திட்டமிட்டனர். திட்டம் அறிவுடையதே. ஆனால் 1999இல் வந்த ஒற்றை அட்டைகளே அவ்விரண்டுக்கும் ஈடு கொடுத்தன. பொறுமையாகக் காத்திருந்தவர் இரண்டாவது வூடூ 2ஐ மலிவாக வாங்கியபொழுது அதனாற் பெரிய பயன் விளையவில்லை. இதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. அட்டைகளைத் தானே செய்து விற்க எண்ணி எஸ்ரிபி என்னும் கம்பனியை வாங்கிய 3டிஎப்எக்ஸ், தன்னிடம் சில்லு வாங்கிய ஏனைய உற்பத்தியாளரை இழந்தது. 2000 டிசெம்பரில் அதன் உடைமைகளைப் போட்டியாளராகிய என்விடியா வாங்குவதாக அறிவித்தது. அட்டைகளை இயக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பார் இல்லை. அட்டை பழுதின்றி இருந்தும் பயனற்றுப் போகலாம் என்பதை அப்பொழுதுதான் பலர் உணர்ந்தனர்.

கனடா நாட்டு ஏரிஐ கம்பனி 2002 ஓகஸ்டில் ரேடியன் 9700 புறோ அட்டையை 399 டொலருக்கு வெளியிட்டது. அதன் சில்லில் எட்டு வரைகுழாய்கள் இருந்தன. அதே சில்லில் நான்கை அடைத்துவிட்டு, ரேடியன் 9500 என்ற பெயரில் மலிவாக விற்றனர். அடைத்தவற்றுட் சில பழுதுடையவை. சில நல்லவையாயிருந்தும் விற்பனைத் தந்திரத்துக்காகவே அடைக்கப்பட்டவை. இதனை அறிந்த இளைஞர்கள், நினைவகச் சில்லுகள் 'எல்' எழுத்து வடிவில் அமைந்த 9500 அட்டைகளைத் தேடி வாங்கி, மென்பொருள் மூலம் அடைப்பைத் திறந்தனர். நல்வாய்ப்பு உடையவருக்கு 9700க்கு நிகரான அட்டை கிடைத்தது. ஏனையோருக்குத் திரையிலே சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தோன்றின. சூதாட்டம் போன்றதுதான், எனினும் தோற்றவரிடம் அவர் விலைகொடுத்த அட்டையாவது எஞ்சியது.

அடுத்து வந்த ஆண்டுகளிற் பொருத்தும் துளையே மாறியது. ஏஜிபி என்னும் துளைக்குப் பதிலாக 2004 முதல் பிசிஐ எக்ஸ்பிரஸ் பரவியபொழுது, அட்டையை மாற்ற விரும்பியவர் தாய்ப்பலகையையும் மாற்ற நேர்ந்தது. அந்த ஒரு முறை சிரமப்பட்டவர்களுக்குப் பின்னர் நன்மையே விளைந்தது. ஏனெனில் அத்துளையின் வடிவம் இன்றுவரை மாறவில்லை. 2006 நவம்பரில் 599 டொலருக்கு வந்த ஜீபோர்ஸ் 8800 ஜிரிஎக்ஸ் அட்டையின் வலிமையை நெருங்கிய 8800 ஜிரி, மறு ஆண்டு ஒக்டோபரில் 199 முதல் 249 டொலர் வரையான விலைக்கு அறிவிக்கப்பட்டது. சில்லைச் சிறிதாக்கியதே இதன் இரகசியம். ஓராண்டு பொறுத்தவருக்கு இத்துணை ஊதியம் கிடைத்த சந்தர்ப்பம் அரிது.

சிக்கனம் நாடுவோர் மறக்கக்கூடாத மற்றோர் உறுப்பு மின்வழங்கி. துளை வழியாக அட்டைக்கு 75 வாற் மின்சாரமே கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமாயின் தனிக் கம்பி தேவை. மலிவான கணினிகளில் அக்கம்பி இருப்பதில்லை. 2014 பெப்ரவரியில் 149 டொலருக்கு வந்த ஜிரிஎக்ஸ் 750 ரிஐ, 60 வாற்றில் அடங்கியது. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினி ஒன்றை வாங்கி, இவ்வட்டையைச் செருகிய அளவிலே அது விளையாட்டுக் கணினியாயிற்று. வேகப் பட்டியல்களில் இதற்கு முதலிடம் கிடைத்ததில்லை. ஆயினும் என் கணிப்பில் இவ்வரலாற்றின் உண்மை நாயகன் இதுவே.

இனி, நாணய அகழ்வைப் பற்றிக் கூறவேண்டும். 2015 ஜூலையில் தொடங்கிய எதிரியம் என்னும் மின்நாணயத்தைக் கணக்கிட்டு ஈட்டுவதற்கு வரைகலை அட்டைகள் உகந்தனவாக இருந்தன. 2017இன் பிற்பகுதியிலும், மீண்டும் 2021இலும் அகழ்வோர் அவற்றை மொத்தமாக வாங்கிச் சென்றனர். விளையாடுவோருக்கு அறிவித்த விலையிற் கிடைக்கவில்லை. இலங்கையிலோ இன்னலுக்கு மேல் இன்னல். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 200 டொலர் அட்டை ஒன்று, தீர்வையைச் சேர்க்காமலே 40,000 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவாயிற்று. மாதச் சம்பளமோ அவ்வண்ணம் உயரவில்லை.

அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் எதிரியம் அகழ்வு முறையையே கைவிட்டது. உலகெங்கும் பழைய அட்டைகள் சந்தைக்கு வந்து குவிந்தன. 1996இல் நினைவகம் செய்தோரின் பிழைக்கணிப்பால் விளைந்ததை, இம்முறை அகழ்வோரின் வீழ்ச்சி விளைத்தது. 2017இல் வெளிவந்த ரேடியன் ஆர்எக்ஸ் 580 போன்ற எட்டு கிகாபைற் அட்டைகள் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறின. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இரவு பகலாக உழைத்தமையால் விசிறிகள் தேய்ந்திருக்கும். வெப்பப் பசை உலர்ந்திருக்கும். இவற்றைச் சிறு செலவில் மாற்றிக்கொள்ளலாம். அகழ்வோர் பலர் அட்டையின் அடிப்படை மென்பொருளையும் தம் வேலைக்கேற்ப மாற்றியிருந்தனர். மூலப் பிரதியை மீண்டும் ஏற்றும் வரை அத்தகைய அட்டை விளையாட்டின் நடுவே நின்றுவிடக்கூடும். 580 என்ற பெயரையே தாங்கி 2018இல் சீனச் சந்தைக்கு வந்த வேறோர் அட்டையும் உண்டு. அதில் 2304 கணிப்பகங்களுக்குப் பதிலாக 2048 மட்டுமே உள்ளன. பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னர் அவ்வெண்ணைக் கணினியில் ஏற்றிப் பார்த்துவிடுதல் நன்று.