பேரீச்ச ஓலை முதல் உலோகத் தகடு வரை

நம் மத்ரஸா மாடியில் மக்தப் வகுப்புகளுக்கென உலோகத் தகட்டுக் கூரை வேய ஜமாஅத்தார் நாடியுள்ளனர். எந்தத் தகடு என்பதே இப்போது கேள்வி. முடிவெடுக்குமுன் கூரைகளின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம்.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிக்குப் பேரீச்ச மரங்களே தூண்கள். அதன் ஓலையே கூரை. மழை பெய்தால் ஒழுகும். உமர் (ரலி) அவர்கள் அதனைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காப்பதையே வலியுறுத்தினார்கள். சிவப்பும் மஞ்சளும் பூசித் தொழுவோரின் கவனத்தைக் கலைக்கலாகாது என்றும் தடுத்தார்கள். (கடைக்காரர் நிறநிறமாய்த் தகடுகளை எடுத்துக் காட்டும்போது இச்செய்தி நம் நினைவுக்கு வருகிறது.) உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் கூரை தேக்காயிற்று. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படும் மரம் அது என ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

உலோகக் கூரைக்கு ஜெரூஸலத்தை நோக்க வேண்டும். பொன்னிறத்தில் ஒளிரும் குவிமாடத்தையே அல்அக்ஸா பள்ளி என நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது ஹிஜ்ரி 72இல் அப்துல் மலிக் கட்டிய குப்பத்துஸ் ஸஃக்ரா. அல்அக்ஸா பள்ளியின் குவிமாடமோ காரீயத் தகடு போர்த்திய சாம்பல் நிறமுடையது. காரீயம் கனமானது, ஆயினும் வளைவுக்கு இணங்கும், துருப்பிடிக்காது. உஸ்மானியரும் தம் பள்ளிகளுக்கு அதனையே விரும்பினர். 1960களில் அல்அக்ஸாவின் காரீயத்தை அகற்றி அலுமினியம் போர்த்தினர். 1983இல் அதனையும் களைந்து, மீண்டும் காரீயமே வேய்ந்தனர். குவிமாடத்தின் உட்புறத்திலிருந்த 14ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் மீட்கப்பட்டன. அப்பணிக்கு 1986இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

நமக்குக் காரீயம் வேண்டா. எளியோரின் உலோகக் கூரை நெளித்தகடு. 1829இல் ஹென்றி பாமர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சு நாட்டு சோரல் இரும்பின்மீது துத்தநாகம் பூசும் முறையைக் கண்டார். 1972 முதல் அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு விற்பனைக்கு வந்தது. வெறும் துத்தநாகப் பூச்சைவிட இது நெடுநாள் உழைக்கும். முழு அலுமினியத் தகடு இலேசானது. எனினும் ஈரச் சிமெண்டும் பூச்சில்லா இரும்பு ஆணியும் பட்டால் அரிக்கப்படும்.

நம் எண்ணம், அந்தக் கலப்புப் பூச்சுத் தகடே, வெளிர் நிறத்தில். ஆனால் எத்தகடாயினும் காஞ்சியின் சித்திரை வெயிலில் கொதிக்கும். மழையில் உஸ்தாதின் குரல் பிள்ளைகளுக்குக் கேளாது. ஆகவே அடியில் வெப்பத்தையும் ஒலியையும் தடுக்கும் உட்கூரை கட்டாயம் வேண்டும்.

மலிவென்று கீற்று வேய்வதை எவரும் பேசலாகாது. 16.7.2004 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிஞ்சுகள் மாண்டன. அங்கே மாடியிலிருந்து இறங்கக் குறுகிய படிக்கட்டே இருந்தது. நம் மாடிக்கும் இப்போது ஒரே படிக்கட்டுதான். கூரைக்கான மதிப்பீட்டுடன் இரண்டாம் படிக்கட்டுக்கான மதிப்பீட்டையும் சேர்த்தே பொதுக்குழுவில் வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.