பாத்திரப் பட்டறையும் ஆய்வகக் குழாயும்

திரவத்தில் மின்சாரம் பாய்ச்சினால் மின்னூட்டம் கொண்ட துகள்கள் எதிர்முனையை நோக்கி நகரும். அதை அளக்கும் குழாய்தான் எலக்ட்ரோபோரெசிஸ் செல். ஸ்வீடனின் ஆர்னே டிசேலியஸ் 1937-இல் ஒரு கருவியை வெளியிட்டார். குழாயை ஒடுக்கமான செவ்வகமாக்கி, 4 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்தார். சூட்டால் திரவம் கலங்குவது குறைந்தது, ரத்தப் புரதங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. 1948-இல் நோபல் பரிசும் வந்தது.

சரி, அதே செல்லில் மின்முனையை மட்டும் இடம் மாற்றி ஒருவர் கொண்டுவந்தால் இந்தியாவில் காப்புரிமை கிடைக்குமா?

பதில் ஒரு பாத்திரப் பட்டறை வழக்கில் இருக்கிறது! லேத்தில் சுழலும் பாத்திரம் சில சமயம் பிய்த்துக்கொண்டு பறக்கும், வேலை செய்பவருக்கு ஆபத்து. மிர்சாப்பூரின் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், எதிர்ப்புறமிருந்து அழுத்திப் பிடிக்கும் ஒரு தண்டைச் சேர்த்து 1951-இல் விண்ணப்பித்துக் காப்புரிமையும் வாங்கியது. பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் நிறுவனத்தோடு வழக்கு மூண்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார்; இரு நீதிபதிகள் அமர்வு திருப்பிக் கொடுத்தது. 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ரத்து செய்தது. தெரிந்த உறுப்புகளைச் சேர்த்த வெறும் பட்டறை மேம்பாடு இது, கண்டுபிடிப்பு அல்ல என்றது. ஆளைக் காப்பாற்றும் தண்டுக்கு இது கொஞ்சம் கடுமைதான்.

(வடசேரி கோயில் நகை போன்றவற்றுக்குக் கிடைக்கும் புவிசார் குறியீடு வேறு சட்டம். அங்கே பழமைதான் பலம்.)

2005 திருத்தத்துக்குப் பின் சட்டம் தொழில்நுட்ப முன்னேற்றத்தையோ பொருளாதார முக்கியத்துவத்தையோ கேட்கிறது. கூடவே, துறை தெரிந்தவருக்கு அது சாதாரணமாகத் தோன்றிவிடக் கூடாது. ஆகவே மின்முனையை நகர்த்தியவர், அதனால் எதிர்பாராத பலன் என்ன கிடைத்தது என்று அளந்து காட்டியாக வேண்டும்.