மஞ்சள் கொழுந்து: ஒரு சொல்லின் வரலாறு

பயிர்நோய்களுக்குப் பெயரிடுவோர் இரு சாரார். நாள்தோறும் மரத்தடியில் நிற்கும் உழவர் ஒரு சாரார். அம்மரத்தை ஆராய வரும் அறிஞர் மற்றொரு சாரார். இவர்கள் இட்ட பெயர்களுள் எது நிலைபெறும், ஏன் நிலைபெறும் என்பதற்கு, எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு முதலியவற்றைத் தாக்கும் கொடிய நோயொன்றின் பெயர் வரலாறு தக்க சான்றாகும். அந்நோய் இன்று உலக அரங்கில் 'ஹுவாங்லோங்பிங்' என்னும் சீனப் பெயரால் வழங்குகிறது.

இச்சொல் தென் சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில், கடலோரச் சாவோசான் வட்டார உழவர்களின் வாய்மொழியில் பிறந்தது. 'ஹுவாங்' என்பது மஞ்சள்; 'பிங்' என்பது நோய். இடையில் நிற்கும் 'லோங்' என்பதே மயக்கத்திற்கு இடமாயிற்று. பொதுச் சீனத்தில் அது டிராகன் எனப்படும் கற்பனை நாகத்தைக் குறிக்கும். சாவோசான் வட்டார வழக்கிலோ அது மரத்தின் இளங்கொழுந்தைக் குறிக்கும். வட்டாரச் சொல்லை ஏட்டில் எழுதியபோது டிராகனுக்குரிய எழுத்தே வந்து அமர்ந்தது. அதனைக் கண்ட பிறநாட்டார் பலர் 'மஞ்சள் டிராகன் நோய்' என்று மொழிபெயர்த்தனர். மரத்தின் மேல் படரும் மஞ்சள் நாகம் கவிஞர்க்கு உவப்பான படிமந்தான். ஆயினும் உழவர் கூறியது அதுவன்று. பசுமையான மரத்தில் ஏதோ ஒரு கிளையின் கொழுந்து மட்டும் மஞ்சளித்து நிற்பதைக் கண்டு, கண்டபடியே அவர்கள் 'மஞ்சள் கொழுந்து நோய்' என்றனர்.

இதே நோய்க்குப் பிற நாடுகளில் வேறு பெயர்கள் வழங்கின. தைவானில் 'லிகுபின்' என்றனர்; மரம் நின்றபடியே காய்ந்து போவது என்பது அதன் பொருள். பிலிப்பைன்சில் இலையின் திட்டுகளைக் கொண்டும், இந்தியாவில் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வருவதைக் கொண்டும் பெயர் அமைந்தது. தென்னாப்பிரிக்காவில் இரு பெயர்கள் தோன்றின. ஒரு பகுதியினர் 'மஞ்சள் கிளை' என்றனர். மற்றொரு பகுதியினர், பழத்தின் அடிப்பகுதி பழுக்காமல் பச்சையாகவே நின்றமையால் 'கிரீனிங்', அதாவது பச்சையாதல், என்றனர். ஆங்கில வழக்கில் நெடுங்காலம் ஓங்கி நின்றது இப்பெயரே.

நோயின் காரணம் விளங்கவும் காலம் பிடித்தது. தென்னாப்பிரிக்காவில் 1937-ஆம் ஆண்டளவில் மண்ணிலுள்ள உலோகச் சத்துகளின் மிகுதியே காரணம் எனக் கருதப்பட்டது. சீனத்திலும் நீர்த்தேக்கம், சத்துக்குறை எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. லின் கோங்சியாங் என்னும் அறிஞர் 1941 முதல் 1955 வரை இதனை ஆராய்ந்தார். நோயுற்ற மரத்தின் பகுதியை நலமான கன்றில் ஒட்டுக் கட்டியபோது அக்கன்றும் நோயுற்றது. மண்ணின் குறை ஒட்டின் வழியே பரவாது. எனவே இது தொற்றுநோய் என்று 1956-இல் அவர் நிறுவினார். நோய்க்குப் புதுப்பெயர் தேடாமல், உழவரிடம் கேட்ட பெயரையே அவர் ஆண்டார் என்பது இங்குக் கருதத்தக்கது.

பின்வந்த ஆய்வுகள் அப்பெயரின் பொருத்தத்தை மேலும் விளக்கின. 1965-இல் தென்னாப்பிரிக்காவிலும், 1967-இல் இந்தியாவில் கபூர் குழுவினராலும், இந்நோயைச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியினங்கள் பரப்புகின்றன என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இந்தியாவில் கண்டறியப்பட்ட பூச்சி முட்டையிடும் இடம் இளங்கொழுந்தே. 1970-இல் பிரெஞ்சு அறிஞர்களான லாஃப்ளேஷும் போவேயும், இலை சமைத்த உணவை வேருக்கும் கனிக்கும் கொண்டுசெல்லும் குழாய்களில் நோய்க்கிருமியைக் கண்டனர். அது ஒரு பாக்டீரியா என்பது பின்னர் உறுதியாயிற்று.

1995-இல் சீனத்தின் ஃபூச்சோ நகரில் கூடிய பன்னாட்டு அறிஞர் மாநாடு, 'ஹுவாங்லோங்பிங்' என்பதையே இந்நோயின் பெயராக ஏற்றது. தொற்றுத்தன்மையை முதலில் மெய்ப்பித்தவர் ஆண்ட பெயருக்கு முன்னுரிமை தரப்பட்டது. அதன் வாயிலாக, ஏடறியாத உழவரின் வட்டாரச் சொல் உலக அறிவியலின் கலைச்சொல் ஆயிற்று.

இதனைச் சொல்லாராய்ச்சி அளவில் நிறுத்திவிட இயலாது. 2004-இல் பிரேசிலிலும் 2005-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. ஃபுளோரிடாவில் 2003-04 பருவத்தில் ஏறத்தாழ 24 கோடிப் பெட்டிகளாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், 2022-23 பருவத்தில் 1.6 கோடிப் பெட்டிகளாகச் சுருங்கியது. புயல்களுக்கும் அதில் பங்குண்டு. எனினும் முதன்மைக் காரணம் இந்நோயே. பிரேசிலின் சாவோ பாவுலோ தோட்டங்களில் நோயுற்ற மரத்தைத் தேடிப் பிடுங்குவதும் பூச்சியை ஒடுக்குவதும் தற்காப்பு முறைகளாயின. தேடிச் செல்வோர் கண் நாடுவது மரத்தின் உச்சியில் மஞ்சளித்து நிற்கும் அந்த ஒற்றைக் கிளையையே. பழம் பச்சையாக நிற்கும்வரை காத்திருந்தால் தோட்டம் பறிபோகும்.

'கிரீனிங்' என்ற பெயர் நோய் தந்த இழப்பைச் சொன்னது. 'மஞ்சள் கொழுந்து' என்ற பெயரோ நோயை எங்கே காண வேண்டும் என்று சொன்னது. டிராகன் என மொழிபெயர்த்தபோது அந்த வழிகாட்டல் மறைந்தது. ஒரு வட்டாரச் சொல்லைப் பொதுமொழியின் அகராதி கொண்டு மட்டும் அளப்பவர், அச்சொல்லுக்குள் உழவர் சேர்த்து வைத்த அறிவை இழந்துவிடுவர்.