காசிமேட்டுக் காற்றை நம்பி மலை ஏறாதீங்க... மாசி மாத மலை வானிலை எப்படி இருக்கும்?

பிப்ரவரி பாதி தாண்டியதும் வடசென்னை வீடுகளில் ஃபேன் ஸ்பீடு ஒரு புள்ளி ஏறிவிடும். அப்போதுதான் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில், "குளிர் முடிஞ்சுபோச்சு, வெயில் இன்னும் ஆரம்பிக்கல, மலைக்குப் போக இதான் கரெக்டான டைம்" என்று ஒரு மெசேஜ் வந்து விழும். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் அந்தக் கணக்கு சரி. மலைக்கு அது இரண்டு பக்கமும் தப்பு. அங்கே ராத்திரிக்குக் குளிர் இன்னும் முடியவில்லை, பகலுக்குக் கோடை எப்போதோ ஆரம்பித்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு பருவத்தையும் பார்க்கத் தயாராக இருந்தால் மட்டும் பையைக் கட்டுங்கள்.

முதலில் குளிர். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடலோரத்தில் அது வெறும் பழமொழி. மலையில் நிஜம். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6 முதல் 6.5 டிகிரி வரை குறையும். நம் ஊரில் ராத்திரி 22 டிகிரி என்றால், கொடைக்கானல் உயரத்தில் சுமார் 9 டிகிரி. இதோடு காற்றும் வீசினால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊட்டியில் பிப்ரவரி வரைக்கும் உறைபனி விழும். அது அதிகம் விழுவது உச்சியில் அல்ல, பள்ளத்தில். தலைக்குந்தா, ரேஸ்கோர்ஸ் மைதானம், தாவரவியல் பூங்கா புல்வெளி எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும் போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப ஈஸி. குளிர்கால விடியலில் புகைபோக்கிப் புகை மேலே போகாமல் படுத்துக் கிடக்குமே, அதே சமாச்சாரம்தான். மேகமில்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் சூட்டை இழக்கும். அதை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்கிவிடும். நம் ஊரில் அது புகையைப் பிடித்து வைக்கிறது, மலையில் பள்ளத்தாக்குக்குள் குளிரைக் கொட்டி வைக்கிறது. அதனால் கேம்ப் போடுகிற இடத்தில் சாய்ஸ் இருந்தால், ஓடைக்குப் பக்கத்தில் அழகாகத் தெரியும் பள்ளத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள்.

குளிரைவிட ஏமாற்றுவது வியர்வை. வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கழியை வாங்கிக்கொண்டு, முதல் மலைப் படிக்கட்டு முடிவதற்குள் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். மேலே போகப் போக மரங்கள் விலகும், காற்று அடிக்க ஆரம்பிக்கும். ஈரச் சட்டையோடு ஏழாவது மலையில் விடியலுக்காக உட்கார்ந்திருந்தால் பல் தந்தியடிக்கும். ஸ்வெட்டர் கொண்டுபோனவர்கள்கூட ஈரத்தின் மேலேயே அதைப் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். பாலித்தீன் பையில் சுற்றிக் காய்ந்த பனியன் ஒன்று எடுத்துப் போவதற்கு நூறு கிராம் கனம்கூட வராது. (பிளாஸ்டிக்கை அடிவாரத்தில் சோதிப்பார்கள், துணிப்பையாகவே இருக்கட்டும்.) இதய நோய், மூச்சுத்திணறல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மலையில் கால் வைக்காதீர்கள். அங்கே மயங்கி விழுந்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி வராத சீசன் அபூர்வம்.

இனி பகல். ஒன்பது, பத்து மணிக்கு மேல் மாசி மலை வேறு முகம் காட்டும்.

நம் ஊர் வெயிலில் கசகசவென்று ஊற்றும், உடனே தண்ணீர் தேடுவோம். மாசியில் மலைக்காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்றே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை குடியுங்கள். டிசம்பரில் போனபோது பார்த்த சுனை மார்ச்சிலும் ஓடும் என்று நம்பி ஒரே பாட்டிலோடு கிளம்புவது பெரிய தப்பு. ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும்.

அதே வறட்சிதான் புல்லையும் காயவைக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ராத்திரி உறைபனி புல்லைக் கருக்கும், பகல் வெயில் அதைச் சருகாக்கும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் புல்வெளிச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போனவர்கள். நிறைய பேர் இளைஞர்கள், பெண்கள். சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. வார இறுதிக்கு மலைக்குப் போய் திங்கட்கிழமை ஆபீஸ் திரும்புவதாக இருந்தவர்கள், உங்களையும் என்னையும் மாதிரி.

சரிவில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பது ஊரில் குப்பை எரிவதைப் பார்த்துப் பழகிய நமக்குத் தெரியாது. தீ மேல்நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் சொல்லப்படும் கணக்கு. வெயில் ஏறியதும் சூடான காற்று பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசும், அதுவும் தீயைத் தள்ளும். ஆகவே கீழே புகை தெரிந்தால் மேலே ஓடுவதுதான் மிக மோசமான முடிவு. பக்கவாட்டில் விலகுங்கள். வெறும் பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இந்த மூன்றில் எது பக்கமோ அங்கே போங்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடித் தாழ்வாக இருங்கள். சிதறி ஓடாமல் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

உடை விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம். வியர்வைக்கு பாலியஸ்டர் டி-ஷர்ட்தான் நல்லது, சீக்கிரம் காயும். ஆனால் தீயில் அது உருகித் தோலோடு ஒட்டும். வறண்ட புல்வெளி வழியாகப் போவதாக இருந்தால், மேலே முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொள்வதே என் சாய்ஸ். போட்டோவில் சுமாராகத்தான் தெரியும், பரவாயில்லை.

குரங்கணிக்குப் பிறகுதான் அதே 2018-ல் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தைத் தொடங்கி 40 பாதைகளுக்கு முன்பதிவு கொடுத்தது. குரங்கணி - சாம்பலாறும் அந்தப் பட்டியலில் உண்டு. 2025-ல் காட்டுத்தீ சீசன் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகளை மூடினார்கள். அதாவது, 'கரெக்டான டைம்' என்று குரூப்பில் போட்டார்களே, அதே நாட்கள். இந்தச் சமயத்தில், "பர்மிஷனெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். 2023 ஜூன் முதல் சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கே நேரடி ரயில் இருக்கிறது. ரயில் இருப்பதாலேயே பாதை திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை.

மார்ச் கடைசியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும், இடி. காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மதியம் இரண்டு மணிக்குக் கறுக்கும். முகட்டிலும் ஒற்றை மரத்தடியிலும் நிற்காமல் இறங்கிவிட வேண்டும். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' ஆப் இருக்கிறது, வானிலைக்கு இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' இருக்கிறது. மேலே சிக்னல் கிடைக்காது, அடிவாரத்திலேயே பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது கீழே உள்ள டவுனின் வெப்பநிலையை மலையின் வெப்பநிலை என்று நினைத்துவிடாதீர்கள். போடி 34 டிகிரி காட்டும், மேலே விடியலில் கைவிரல் மரத்துப்போகும்.

காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் படகை எடுப்பதில்லை. மலையிலும் புறப்படும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலமான காற்றும் வறண்ட புல்லும் சேர்ந்தால் அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். நேரக்கணக்கிலும் நமக்கு ஒரு குழப்பம் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் நிற்கும்போது சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். கேலண்டரில் அஸ்தமனம் ஆறேகாலுக்கு மேல் என்று போட்டிருந்தாலும், ஐந்து மணிக்கே பாதையில் நிழல் விழுந்து குளிர் இறங்கலாம். விடியலில் ஏறி, 11 மணிக்குள் திறந்த புல்வெளியைத் தாண்டி, மூன்று மணிக்குள் அடிவாரம் வந்து சேரும்படி திட்டம் போடுங்கள்.

அவ்வளவு தூரமெல்லாம் வேண்டாம், ஒரு நாள் போதும் என்பவர்கள் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ சூலூர்பேட்டை லோக்கலில் ஏறி தடாவில் இறங்குவார்கள். அங்கிருந்து உப்பலமடுகு அருவிக்குப் போவார்கள். உயரம் குறைவு, குளிர்ப் பிரச்னை இல்லை. ஆனால் மார்ச்சில் அருவி மெலிந்து, பாறை பத்து மணிக்கே சுடும், காடும் காய்ந்திருக்கும். அது ஆந்திர வனத்துறையின் எல்லை, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு முதல் ட்ரெயினைப் பிடியுங்கள்.